வாய்ப்புண்ணும் வரலாறும்

கடுகளவுப் புண்தான். ஆனால் அது வாயில் தோன்றிவிட்டால் கஞ்சியும் கசக்கிறது, பேச்சும் சுருங்குகிறது. கைக்குழந்தை பால் குடிக்க மறுத்து வீறிடுகிறது. கூலிக்குச் செல்வோன் வெறும் வயிற்றோடு வயலுக்கு நடக்கிறான். மன்னர்களின் முடிசூட்டையும் படையெடுப்பையும் ஏடு ஏடாக எழுதி வைத்த நாட்டில், இந்தக் கடுகளவுப் புண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு என்று நாம் கூறினால் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்! அரண்மனையின் வரலாறு காட்டாத உண்மைகளை அடுப்பங்கரையின் வரலாறு காட்டும். அடுப்பங்கரையின் வரலாற்றை அறிய வேண்டுமானால், உண்ணும் வாயைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பழைய தென்னார்க்காட்டின் பகுதியாக இருந்து, 1993இல் விழுப்புரத்தைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டமான நிலம் இது. இங்குள்ள சிற்றூர்களிலும், தமிழகத்தின் பிற சிற்றூர்களிற் போலவே, வாய்க்கும் தொண்டைக்கும் வரும் நோய்களுக்கு வழிவழியாக வழங்கும் பெயர்கள் பல. குழந்தையின் நாக்கில் தயிர் படிந்தாற்போல் வெண்மை பூத்தால் அக்கரம். தொண்டை வலித்தால் உள்நாக்கு விழுந்துவிட்டது. உதட்டோரம் கொப்புளித்தால் அக்கி. கன்னமும் தாடையும் புடைத்தால் பொன்னுக்கு வீங்கி. அழகிய தமிழ்ப் பெயர்கள்! கூர்ந்து பார்த்தவர்கள் இட்ட பெயர்கள். பெயர்களோடு நமக்குப் பிணக்கில்லை. பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்த பரிகாரங்களோடுதான் பிணக்கு.

அக்கிக்குக் காவிமண் குழைத்து உடலில் உருவம் எழுதுவது. உச்சி மயிரைப் பற்றி இழுத்து உள்நாக்கைத் தூக்குவது. பொன்னுக்கு வீங்கிக்குப் பொற்சங்கிலி பூட்டுவது. எதற்கும் அடங்காவிட்டால் அம்மன் சீற்றம் என்று கூறி வேப்பிலை கட்டி வேண்டுதல் முடிவது. இவை பலித்தன என்பார்கள். பாட்டனுக்குப் பலித்தது, தந்தைக்குப் பலித்தது என்று சாட்சியும் சொல்வார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர். ஆனால், பலித்தது எது?

உதட்டுக் கொப்புளம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே ஆறும். தடுமனோடு வரும் தொண்டை வலி ஒரு வாரத்தில் தானே அடங்கும். கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாய், சுற்றிலும் சிவந்து தோன்றும் சிறு வாய்ப்புண்ணும் அப்படியே. காவி எழுதினாலும் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும். கணக்குக்காகப் பத்துப் பேர் என்று கொள்வோம். ஒன்பது பேர் தாமே பிழைத்தனர். புகழ் காவிமண்ணுக்குப் போயிற்று. பத்தாவது ஆள் இறந்தான். பழி தலைவிதிக்குப் போயிற்று. புகழை எடுத்துக்கொள்ளவும் பழியை ஒதுக்கிவிடவும் இப்படியொரு வாய்ப்பான ஏற்பாட்டை எந்த வணிகனும் கண்டதில்லை!

அந்தப் பத்தாவது ஆள் யார்? அவனை மற்ற ஒன்பது பேரிலிருந்து பிரித்துக் காண்பது எப்படி? இக்கேள்வியை மனிதன் கேட்கத் துணிந்த நாளில்தான் மருத்துவம் பிறந்தது. வாய்ப்புண்ணின் வரலாறு என்று நாம் கூறுவது, பத்தாவது ஆளைத் தேடிய வரலாற்றையே.

பசி எழுதிய புண்

திண்டிவனத்தை ஒட்டியுள்ள கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய நூல் சிறுபாணாற்றுப்படை. வள்ளலின் விருந்தைப் புகழும் அந்நூல், அவ்விருந்துக்கு முன்னிருந்த வறுமையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறது. உப்புக்கும் வழியின்றிக் கீரையை வேகவைத்து, அயலார் கண்ணில் படாதபடி கதவை அடைத்துக்கொண்டு உண்ட குடும்பத்தை அதில் காண்கிறோம். புலவர்கள் பொற்காலம் என்று போற்றும் காலத்திலேயே, இந்த ஓய்மானாட்டு மண்ணிலேயே, பசி கதவை அடைத்துக்கொண்டு இருந்தது. கதவை அடைக்கலாம்; ஆனால் பசி தன் கையெழுத்தை வாயிலே போட்டுவிடும். அந்தக் கையெழுத்தை வாசிக்க உலகத்துக்கு வெகுகாலம் பிடித்தது.

வாசித்த கதை விந்தையானது. வாயின் இரு கோடிகளும் வெடித்துப் புண்ணாவதையும் நாக்கு சிவந்து தோல் உரிந்தாற்போல் ஆவதையும் மருத்துவர்கள் கூர்ந்து குறித்த இடங்களுள் முதன்மையானவை சிறைச்சாலைகள். இன்று மலாவி என வழங்கும் நியாசாலாந்தில், கைதிகளிடையே கண்ட இத்தகைய நோயைப் பற்றி ஸ்டானஸ் என்ற மருத்துவர் 1911இல் எழுதினார். சிங்கப்பூரிலும் ஜொகூரிலும் சிறைக் கைதிகளிடம் அதே புண்களைக் கண்டு லாண்டர், பாலிஸ்டர் என்ற இருவர் 1935இல் எழுதினர். ஏன் சிறை? அங்கே மனிதன் தன் தட்டில் விழுவதைத் தானே தேர்வதில்லை. மற்றொருவன் அளந்து போட்டதை உண்கிறான். நாளெல்லாம் ஒரே உணவு. மாதமெல்லாம் ஒரே குறை. குறை உடலில் ஏறி வாயோரத்தில் வெடிக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918இல் ராபர்ட் மக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1928இல் உணவு ஆராய்ச்சிக்கூடமாயிற்று. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை அவர் எலிகளுக்குக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் தயிரும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியரின் உணவை உண்ட எலிகள் கொழுத்து வளர்ந்தன. சென்னை மாகாணத்து ஏழையின் அரிசி உணவை உண்ட எலிகளோ வரிசையின் கடைசியில் மெலிந்து நின்றன. எலிக்குச் சாதியில்லை, பூர்வ ஜென்ம பாவமும் இல்லை. ஆகவே மெலிவுக்குக் காரணம் தட்டில்தான் இருந்தாக வேண்டும்.

மக்காரிசனுக்குப் பின் 1935இல் பொறுப்பேற்றவர் ஐக்ராய்ட். அவரும் பி. ஜி. கிருஷ்ணனும் 1936இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தென்னிந்தியாவின் ஏழைப் பிள்ளைகளிடம் பரவலாகக் காணும் வாயோரப் புண்ணும் நாக்குப் புண்ணும் வைட்டமின் பி2 தொகுதியின் குறைவால் வருபவை என்று அவர்கள் காட்டினர். அச்சத்து நிறைந்த உணவு கிடைத்ததும் புண்கள் ஆறின. அமெரிக்காவில் செப்ரெல், பட்லர் என்ற இருவர் ரிபோஃபிளேவின் என்ற ஒரே சத்தை நீக்கியும் சேர்த்தும் அப்புண் தோன்றுவதையும் மறைவதையும் காட்டியது 1938இல். வேப்பிலைக்கு அடங்காத புண், மாட்டின் பாலுக்கும் கோழியின் முட்டைக்கும் கீரைக்கும் பருப்புக்கும் அடங்கிற்று! அம்மனின் சீற்றம் என்று அஞ்சியது அரிசி மட்டுமே உண்டதன் விளைவு என்பது வெளியாயிற்று.

இரும்புச்சத்துக் குறைவும், ஃபோலிக் அமிலமும் பி12உம் குறைவதும், பூஞ்சைக் கிருமியும் அதே வாயோரத்தை வெடிக்கச் செய்யும் என்பதை அதற்குப் பிந்திய ஆராய்ச்சிகள் தெளிவாக்கின. ஆகவே இன்று நல்ல மருத்துவர் வாயோரப் புண்ணைக் கண்டால் மாத்திரையோடு நிற்பதில்லை. கண்ணிமையை இழுத்து இரத்தச் சோகை உண்டா என்று பார்க்கிறார். என்ன உண்கிறாய் என்று கேட்கிறார். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை உண்ணச் சொன்ன பாட்டியை நாம் எள்ளி நகையாடவில்லை. கீரை உண்ணச் சொன்னதில் அறிவு இருந்தது. பாட்டி சொன்னாள் என்பதற்காகத் தள்ளுவதும் பகுத்தறிவன்று. பாட்டி சொன்னாள் என்பதற்காகவே கொள்ளுவதும் பகுத்தறிவன்று. சோதித்துக் கொள்வதே பகுத்தறிவு.

இம்மண்ணின் மற்றொரு முரணையும் காண்போம். தென்னார்க்காட்டின் நிலக்கடலை 19ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரித் துறையில் கப்பலேறிப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் கடலை ரகங்கள் திண்டிவனத்தின் பெயரையே தாங்கி, டி.எம்.வி. என்ற எழுத்துகளால் நாடெங்கும் வழங்கின, டி.எம்.வி. 2 என்ற ரகம் 1940இல் வந்தது. அந்தக் கடலையில் நயாசின் என்ற சத்து மிகுதி. அது குறைந்தால் நாக்கு வெந்து சிவக்கும். விளைந்தது இங்கே, எண்ணெய் பிழிந்தது மார்செயில், பிண்ணாக்கு மாட்டுக்கு. விளைத்தவன் வீட்டுப் பிள்ளையின் வாயோரத்திலோ வெடிப்பு! இதை விதி என்பதா, விநியோகம் என்பதா?

விநியோகம் என்று விடை கண்டவர்கள் செயலிலும் இறங்கினர். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு வழங்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சி அதை மாநிலமெங்கும் கொண்டுசென்றது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாயிற்று. 1989இல் கலைஞர் ஆட்சியில் அதனோடு முட்டை சேர்ந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. சோறு போட்டால் படிப்பானா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். குன்னூர் ஆராய்ச்சி அவர்களுக்கு என்றோ விடை கூறிவிட்டது. பள்ளித் தட்டில் வைத்த அந்த ஒரு முட்டை, வாயோரப் புண்ணுக்கு மருந்து.

தொண்டையை நெரித்த கை

பசியின் புண் மெல்லக் கொல்லும். விரைந்து கொல்லும் ஒன்றும் தொண்டையில் இருந்தது. ஸ்பெயின் நாட்டார் அதற்கு இட்ட பெயர் கரோட்டிலோ. குற்றவாளியின் கழுத்தை இறுக்கிக் கொல்லும் கருவி கரோட். அதிலிருந்து பிறந்த பெயர் இது. 1613ஆம் ஆண்டையே அந்நாட்டார் கரோட்டிலோ ஆண்டு என்றனர். தமிழர் இட்ட பெயர் தொண்டை அடைப்பான். கண்டத்துக்குக் கண்டம் மொழி வேறு. குழந்தையின் மூச்சு திணறுவதைக் கண்ட தாயின் நெஞ்சு ஒன்றுதான்.

பிரான்சின் தூர் நகரத்து மருத்துவர் பிரெத்தோனோ, இறந்த குழந்தைகளின் தொண்டையைத் திறந்து பார்த்தார். தோல் போல் ஒட்டிக்கொண்ட சாம்பல் நிறப் படலத்தைக் கண்டார். தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1826இல் அந்நோய்க்குப் பெயரிட்டார். டிப்தீரியா என்ற இன்றைய பெயர் அதன் வழி வந்ததே. தொண்டை வலிகள் பலவற்றிலிருந்து இந்த ஒன்றைப் பிரித்தெடுத்தது அவருடைய கண். கிருமியைக் கிளெப்ஸ் 1883இல் கண்டார்; லோஃப்லர் 1884இல் வளர்த்துக் காட்டினார். உடலைக் கொல்வது கிருமி சுரக்கும் நஞ்சு என்பதை ரூ, யெர்சின் இருவரும் 1888இல் நிறுவினர். பெர்லினில் பெரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோவும் 1890இல் அந்நஞ்சை முறிக்கும் ஆற்றல், நோயை எதிர்த்து நின்ற விலங்கின் இரத்தநீரில் இருப்பதைக் கண்டனர். 1894இல் பாரிசுக் குழந்தைகள் மருத்துவமனையில் ரூ குதிரையின் இரத்தநீரைக் கொண்டு மருத்துவம் செய்தார். சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901இல் பெரிங்குக்குக் கிடைத்தது இதற்காகவே.

ஒருவர் கண்டதன்மேல் மற்றவர் நின்று கண்டார். எவரும் அசரீரி கேட்கவில்லை; எவர்மீதும் அருள் இறங்கவில்லை. 1923இல் ரமோன், நஞ்சின் கொடுமையை நீக்கி அதையே தடுப்பு மருந்தாக்கும் வழியைக் கண்டார். அவ்வழியில் வந்த முத்தடுப்பு ஊசியை நம் குன்னூர்ப் பாஸ்டர் நிலையமே பல்லாண்டுகள் தயாரித்து நாட்டுக்கு வழங்கியது. 1978இல் இந்தியாவின் விரிவான தடுப்பூசித் திட்டத்தில் அது இடம்பெற்றது. ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசி 2011 டிசம்பரில் தமிழகத்திலும் கேரளத்திலும்தான் நாட்டிலேயே முதன்முதலாக வந்தது.

ஆனால் கை இன்னும் தளரவில்லை. 2018இல் உலகில் பதிவான தொண்டை அடைப்பான் நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தியர். ஊசி இருந்தும் போடாதவர்கள், முதல் தவணையோடு நின்றவர்கள், ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் பத்திலும் பதினாறிலும் போட வேண்டிய தவணைகளை மறந்தவர்கள் ஆகியோரிடையே அந்நோய் இன்னும் இரை தேடுகிறது. தொண்டையில் சாம்பல் நிறப் படலம் ஒட்டியிருந்து, கழுத்து காளையின் கழுத்தைப் போல் புடைத்தால் அது ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாத நோய். நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கே உடனே செல்ல வேண்டும். அவ்வேளையில் மயிலத்துக்கு முடி காணிக்கை நேர்ந்துகொண்டு வீட்டிலேயே காத்திருப்பவன், பக்தன் என்று தன்னை எண்ணிக்கொள்ளலாம். குழந்தையைக் கரோட்டிலோவிடம் ஒப்படைத்தவன் என்றே நாம் கூறுவோம்.

பத்துப் பேருக்கும் ஊசி

மூடநம்பிக்கைக்கு நெற்றியில் திருநீறு இருக்க வேண்டும் என்பதில்லை. அது வெள்ளைக் காகிதத்தில் மருந்துச் சீட்டாகவும் வரும். இதையும் சொல்லாவிட்டால் நாம் பாதி உண்மை பேசியவர்களாவோம்.

1928இல் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டார். 1940இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரியும் செயினும் அதை மருந்தாக்கிக் காட்டினர். 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு அதைக் கொடுத்தனர். முகத்தில் தொடங்கிய புண் கண்ணையும் நுரையீரலையும் தாக்கிச் சாவின் விளிம்பில் கிடந்தவர் அவர். மருந்து ஏறியதும் எழுந்து உட்கார்ந்தார். ஆனால் மருந்து தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்து பென்சிலினை வடித்தெடுத்து மீண்டும் ஏற்றினர், அதுவும் போதவில்லை. மார்ச்சில் அவர் மாண்டார். அன்று துளியளவுக்கு ஏங்கிய மருந்தை, 1954இல் பூனாவுக்கு அருகில் பிம்பிரியில் இந்திய அரசு நிறுவிய தொழிற்சாலை இந்நாட்டிலேயே செய்யத் தொடங்கிற்று.

தொண்டைக்கும் இம்மருந்துக்கும் நெருங்கிய உறவுண்டு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் வரும் தொண்டைப்புண்ணைக் கவனியாமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு அது மூட்டுவாதக் காய்ச்சலாக மாறி, இதயத்தின் வால்வுகளைச் சிதைக்கும். ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரை உள்ள பிள்ளைகளே அதற்கு எளிதில் இரையாவோர். நெருக்கமான குடிசைகளில் கூடியிருப்போரையே அது அதிகம் நாடும். பென்சிலின் அதைத் தடுக்கும். இங்கே மருந்து உயிர்.

ஆனால் தொண்டை வலியோடு வருபவர்களுள் பெரும்பாலோருக்குக் காரணம் வைரஸ். அவர்களுக்குப் பென்சிலினால் ஒரு பயனும் இல்லை. வெதுவெதுப்பான உப்பு நீர் கொப்பளிப்பு, வலிக்கு மாத்திரை, ஓய்வு, சில நாட்கள்: இவ்வளவே. யாருக்கு மருந்து, யாருக்கு ஓய்வு? இருமலும் மூக்கொழுகலும் இருந்தால் பெரும்பாலும் வைரஸ். இருமலின்றிக் காய்ச்சல் இருந்து, உள்நாக்குச் சதைகளில் சீழ் படிந்து, கழுத்தின் முன்புறக் கழலைகள் வீங்கி வலித்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற ஐயம் கொள்ள வேண்டும். செண்டார் என்ற மருத்துவரும் அவர் தோழரும் இக்குறிகளை வரிசைப்படுத்தி 1981இல் வெளியிட்டனர். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. கண்ணும் விரலும் கைவிளக்கும் போதும்.

நடப்பது என்ன? வந்தவுடன் ஊசி கேட்கிறோம். ஊசி போடாத மருத்துவரைக் கைராசி இல்லாதவர் என்கிறோம். மருந்துக் கடையில் பெயர் சொல்லி நான்கு மாத்திரை வாங்கி, இரண்டு விழுங்கி, வலி குறைந்ததும் மற்ற இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறோம். குறைந்த அளவில் உண்டால் கிருமி மருந்தை வெல்லப் பழகும் என்று ஃபிளெமிங்கே 1945இல் நோபல் உரையில் எச்சரித்தார். தானே ஆறும் ஒன்பது பேருக்கும் ஊசி போட்டு, ஊசியால் ஆறிற்று என்று நம்புவதற்கும், காவிமண்ணால் ஆறிற்று என்று நம்புவதற்கும் என்ன வேறுபாடு? காவிமண்ணாவது கிருமிக்குப் பயிற்சி கொடுக்கவில்லை!

வலிக்காத புண்

வலிக்கும் புண் நம்மை எச்சரிக்கிறது. வலிக்காத புண்ணே வஞ்சகமானது. வாயில் வந்து இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கன்னத்தின் உட்புறத்தில் படரும் வெள்ளைத் திட்டு, வெல்வெட்டுப் போன்ற சிவப்புத் திட்டு, நாளுக்கு நாள் வாய் திறக்கும் அளவு குறைதல்: இவை புற்றுநோயின் வரவாகவோ முன்வரவாகவோ இருக்கக்கூடும்.

இதற்கும் நம் நாட்டில் நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. நெய்யூர் மருத்துவமனையில் தாம் கண்ட வாய்ப்புற்று நோயாளிகளைப் பற்றி பெண்ட்டால் என்ற மருத்துவர் 1908இல் எழுதினார். அதே நெய்யூரிலிருந்து ஆர் என்பவர் 1933இல் லான்செட் இதழில், வெற்றிலை பாக்குப் புகையிலை அடக்கும் கன்னத்திலேயே புற்று எழுவதை விளக்கினார். புகையிலை சேர்ந்த வெற்றிலைப் பாக்கு புற்றுநோய் தருவது என 1985இலும், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும், தனிப் பாக்குமே கூடப் புற்றுநோய் தருவன என 2004இலும் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அறிவித்தது. குட்கா, பான்மசாலா விற்பனைக்குத் தமிழக அரசு 2013இல் தடை விதித்தது.

தடையைச் சட்டம் விதிக்கலாம். வழக்கத்தை யார் விலக்குவது? புரோகிதரை நீக்கிய திருமண வீட்டிலும் தாம்பாளத்தில் பாக்கு இருக்கிறது. மங்கலம் என்று அதற்கொரு பெயர். வாயை எரித்துத் தழும்பாக்கி, விரல் நுழையாதபடி இறுக்கும் பொருளை மங்கலம் என்று வழங்குவது எந்த அறிவு? தாலியின் பொருளை ஆராய்ந்த நாம் தாம்பாளத்தின் பொருளையும் ஆராய்வோம்.

இவ்விடத்தில் ஒரு பெண்மணியை நினையாமல் மேற்செல்ல முடியாது. பொட்டுக்கட்டும் கொடுமையை எதிர்த்துச் சட்டமன்றத்தில் முழங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்தை அழுது தீர்க்காமல், 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அவர் போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1947இல். அப்போது முதலமைச்சராக இருந்தவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார். அந்த ஓமந்தூராரின் பெயர் தாங்கிய அரசினர் தோட்டத்தில் 2014 முதல் அரசின் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை இயங்குகிறது. சமூகத்தின் புண்ணையும் உடலின் புண்ணையும் ஒரே கை தொட்டுப் பார்த்தது என்பதே முத்துலட்சுமியாரின் வாழ்க்கை.

சிற்றூரின் கைவிளக்கு

பெரிய மருத்துவமனைகள் பெருமைக்குரியன. ஆனால் பத்தாவது ஆள் முதலில் வருவது அங்கே அன்று. அவன் வருவது தன் ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. 1946இல் அறிக்கை தந்த போர் குழு, பணம் கொடுக்க இயலாதவன் என்ற காரணத்தால் எவனுக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்ற நெறியை வகுத்தது. நம் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அக்குழுவில் ஓர் உறுப்பினர். 1952 அக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழலாயின. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தோன்றி, மருந்துகளை மொத்தமாக வாங்கிச் சோதித்துச் சிற்றூர் வரை அனுப்பும் வழியைச் செம்மை செய்தது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஒரு தலைமுறைக்கு முன் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ஓட வேண்டியிருந்த நோயாளிக்கு இன்று பேருந்துத் தொலைவில் பெருமருத்துவமனை உண்டு.

அங்கே அனுப்ப வேண்டியவன் யார் என்று முதலில் அறிவது சிற்றூரின் கைவிளக்கே. நாக்கை அழுத்தும் ஒரு குச்சி, ஒரு விளக்கு, ஐந்து நிமிடப் பொறுமை, சில கேள்விகள்: எத்தனை நாளாக? காய்ச்சல் உண்டா? என்ன உண்கிறாய்? என்ன மெல்லுகிறாய்? ஊசிகள் போட்டாயிற்றா? ஒன்றே ஒன்றில் மட்டும் குச்சிக்கும் ஓய்வு: குழந்தை எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிட்டு, முன்சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினால், வாயைக் கிளறாமல் உட்கார்ந்த நிலையிலேயே பெருமருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கைக்குழந்தையின் அக்கரம் பூஞ்சையால் வருவது. எளிய மருந்துக்கு அடங்குவது. அதே வெண்மை வளர்ந்தவரின் வாயில் பூத்தால், சர்க்கரை நோயோ எதிர்ப்பாற்றல் குன்றலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் கண்டறிந்த பின், வாயின் வெண்மை ஒழுக்கத்தின் தீர்ப்பாகக் கருதப்பட்ட காலமும் இருந்தது. நோயாளியைத் தீண்டாதவனாக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. சாதியின் பெயரால் வந்த தீண்டாமையை எதிர்ப்பவன், நோயின் பெயரால் வரும் தீண்டாமையையும் எதிர்த்தாக வேண்டும். அவமானத்துக்கு அஞ்சி வாயை மூடிக்கொள்பவனை எந்த விளக்கும் எட்டாது.

இளந்தோழர்களே! பகுத்தறிவு என்பது மேடையில் கடவுளை மறுப்பதோடு முடிந்துவிடுகிற ஒன்றாயின், அது காவிமண்ணுக்கு அஞ்சத் தேவையில்லாத ஒரு பொழுதுபோக்காகவே நின்றுவிடும். காரணத்தைத் தேடுவது, சோதித்துப் பார்ப்பது, ஒன்பதிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது: இதுவே பகுத்தறிவு என்ற சொல்லின் நேர்ப்பொருள், பகுத்து அறிவது! பிரெத்தோனோ பகுத்தார். ஐக்ராய்டும் கிருஷ்ணனும் பகுத்தனர். அவர்கள் பகுத்துத் தந்த அறிவு நம் தெருவில் வந்து நிற்கிறது. அதை வீட்டுக்குள் அழைத்துச் செல்வது நம் வேலை.

உங்கள் தெருவில் தடுப்பூசித் தவணை தவறிய பிள்ளை யார் என்று கேளுங்கள். சத்துணவுத் தட்டில் முட்டை விழுகிறதா என்று பாருங்கள். மூன்று வாரமாக ஆறாத புண்ணை வெற்றிலைச் சாற்றால் மறைத்துக்கொண்டு நாற்று நடும் தாயைக் கைப்பிடித்து நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே மருத்துவர் இல்லையென்றால், ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள். காய்ச்சலின்றித் தடுமனோடு வந்தவருக்கு ஊசி வேண்டா என்று மருத்துவர் சொன்னால், அவர் பக்கம் நின்று பேசுங்கள்.

ஓய்மானாட்டுப் பாணன் வீட்டில் அன்று அடைத்த கதவு, வறுமைக்கு வெட்கி அடைத்தது. வெட்கப்பட வேண்டியது பசித்தவன் அன்று, பசிக்கவிட்ட சமுதாயம். கதவுகள் திறக்கட்டும், வாய்கள் திறக்கட்டும். திறந்த வாயைப் பார்க்க ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு விளக்கு எரியட்டும்!